உங்களுக்குத் தெரியுமா? எண் சரி... அலகு என்ன?

● நகைக்கடைப் பலகையில் தினமும் விலை மாறிக்கொண்டே இருக்கிற 'பவுன்' என்பது 8 கிராம். பிரிட்டிஷ்காரர்களின் தங்க நாணயத்திலிருந்து வந்த கணக்கு இது. அசல் நாணயத்தின் எடை 7.988 கிராம், நாம் அதை 8 என்று முழுசாக்கிக்கொண்டோம். இப்போது அந்த நாணயம் இங்கே புழக்கத்தில் இல்லை. ஆனாலும் கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் "இத்தனை கிராம் போடுவோம்" என்று எந்தச் சம்பந்தியும் சொல்வதில்லை.

● நகைக்கடையிலேயே இன்னொரு குழப்பம், காரட். தங்கத்தில் காரட் என்பது எடை இல்லை. 24 பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. வைரத்தில் காரட் என்பது எடையேதான், 200 மில்லிகிராம். ஆக, 22 காரட் மோதிரத்தில் அரை காரட் வைரம் பதித்திருக்கிறது என்றால், முதல் காரட் தரத்தைச் சொல்கிறது. இரண்டாவது, கல்லின் எடை 100 மில்லிகிராம் என்கிறது.

● 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். வாய்ப்பாடு ஒன்றுதான், படியின் கொள்ளளவுதான் ஊருக்கு ஊர் வேறு. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது அளப்பவர் கையில். இந்தியா முழுக்க ஒரே அளவு வேண்டும் என்று 1956-இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-இல் 16 அணா ரூபாய் 100 நயா பைசாவானது. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தன. அதுவரை புழங்கிய அரசாங்கச் சேர் 80 தோலா, அதாவது சுமார் 933 கிராம். சேரும் கிலோவும் இவ்வளவு நெருக்கமாக இருந்தது, வாங்குகிறவரைவிட விற்கிறவருக்குத்தான் வசதியாக இருந்திருக்கும் என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

● மீட்டர் எங்கிருந்து வந்தது? பூமியிலிருந்து. வட துருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று 1791-இல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமி முடிவு செய்தது. மன்னரின் கை, மன்னரின் கால் என்று எதுவும் வேண்டாம், உலகத்துக்கே பொதுவானது வேண்டும் என்பது புரட்சிக் காலத்து ஆசை. சொல்வது எளிது, அளப்பது யார்? தெலாம்ப்ர், மெஷேன் என்ற இரு வானியலாளர்கள் 1792-இல் கிளம்பினார்கள். ஒருவர் வடக்கே டன்கர்க்கிலிருந்து, மற்றவர் தெற்கே பார்சிலோனாவிலிருந்து. ஓராண்டில் முடியும் என்று நினைத்த வேலை ஆறேழு ஆண்டுகளை விழுங்கியது. தேவாலயக் கோபுரங்களில் ஏறிக் கருவிகளை நிறுத்தியவர்களை ஒற்றர்கள் என்று நினைத்து ஊர்க்காரர்கள் பிடித்துவைத்தார்கள். இதற்கு நடுவில் ஸ்பெயினோடு போர் மூண்டது, மெஷேன் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அவர் பார்சிலோனாவின் அட்சரேகையைப் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு இடங்களிலிருந்து அளந்தபோது, விடைகள் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் மூன்று விகலை அளவுக்குத்தான். அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். மறைத்தது கடைசிவரை அவரை அரித்தது. மீண்டும் அளக்கக் கிளம்பிப் போன இடத்தில், 1804-இல், மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டிய பிறகுதான் தெலாம்ப்ருக்கு விஷயம் தெரிந்தது.

● அவ்வளவு பாடுபட்டும் மீட்டர் கொஞ்சம் குட்டையாகத்தான் அமைந்தது, 0.2 மில்லிமீட்டர் குறைவு. பாவம், மெஷேன் மறைத்த வித்தியாசம் இதற்குப் பெரிய காரணம் இல்லை. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று போட்ட கணக்கில்தான் பிசகு. இன்றைய அளவில் துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 10,000 கிலோமீட்டர் இல்லை, ஏறக்குறைய 10,002.

● இதே பூமியை அளக்கிற வேலை சென்னையிலும் நடந்தது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. சங்கிலியைச் சும்மா தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப்பெட்டிகளுக்குள் நேராக நீட்டி, ஒவ்வொரு முறையும் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். சென்னை வெயிலில் எஃகு நீளும், நீண்டால் கணக்குக் கெடும். இப்படி ஏறக்குறைய 400 முறை. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கிளம்பிய அளவைதான் பின்னாளில் இமயமலைவரை போனது. நடுவில், 1808-இல், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோண அளவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே சீராக்கினார் லாம்டன்.

● அமெரிக்கா ஏன் இன்னும் மைலிலும் பவுண்டிலும் இருக்கிறது? காரணங்களில் கடல் கொள்ளையும் ஒன்று என்பார்கள். புதிய அளவுகளை அமெரிக்காவில் அறிமுகப்படுத்த ஜோசப் டோம்பே என்ற விஞ்ஞானியிடம் மீட்டரையும் கிலோவையும் செம்பில் செய்து கொடுத்து 1794-இல் கப்பலேற்றியது பிரான்ஸ். கப்பல் புயலில் சிக்கிக் கரீபியப் பக்கம் போனது. கொள்ளையர்கள் பிடித்தார்கள். டோம்பே மொன்செராட் தீவில் சிறையிலேயே இறந்தார். கொள்ளை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் அமெரிக்கா மாறியிருக்கும் என்பது கொஞ்சம் அதிகம். கதை மட்டும் நிஜம்.

● இதில் வேடிக்கை, அமெரிக்காவின் அங்குலமும் பவுண்டும் இன்று தனிக்காலில் நிற்கவில்லை. 1 அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959 முதல் வரையறுத்திருக்கிறார்கள். பவுண்டுக்குக் கிலோவில்தான் வரையறை.

● பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் கடிகாரத்தையும் விடவில்லை. நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 நொடி. நண்பகல் 5 மணிக்கு! அரசாங்கம் 1795-இலேயே இதைக் கைவிட்டது.

● 1889 முதல் 2019 வரை, உலகத்தில் கிலோகிராம் என்றால் அது ஒரே ஒரு பொருள். பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில் பெட்டகத்துக்குள் இருந்த ஓர் உலோக உருளை. பிளாட்டினம் 90 விழுக்காடு, இரிடியம் 10 விழுக்காடு. உயரமும் 39 மில்லிமீட்டர், விட்டமும் 39 மில்லிமீட்டர்; உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் உள்ளங்கையில் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. பெட்டகத்துக்கு மூன்று சாவிகள், மூன்றும் மூன்று பேரிடம். அதன் நகல்கள் நாடு நாடாகப் போயின. இந்தியாவுக்கு வந்தது 57-ஆம் எண். புது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

அரிதாக எப்போதாவது எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நூறு ஆண்டு இடைவெளியில் பார்த்தபோது, அசலுக்கும் நகல்களுக்கும் நடுவில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்திருந்தது. அசல் இளைத்ததா, நகல்கள் பருத்தனவா? சொல்ல வழியில்லை. சட்டப்படி பார்த்தால் அசல் மாறவே முடியாது, ஏனென்றால் அதுதானே கிலோ! அந்த உருளையில் ஒரு கீறல் விழுந்தால் உலகத்தில் மற்ற எல்லாப் பொருள்களும் கொஞ்சம் கனமாகிவிடும், ஏட்டளவில்.

● இந்தக் கூத்து 2019 மே 20-இல் முடிவுக்கு வந்தது. இயற்கையின் மாறாத எண்ணான பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். பிரையன் கிப்பிள் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் உருவாக்கிய தராசில், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் எடைக்கல்லுக்குப் பதில் மின்காந்த விசை. மே 20 என்பதும் தற்செயல் இல்லை. 1875-இல் 17 நாடுகள் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதி அது. மறுநாள் மளிகைக்கடையில் ஒரு கிலோ பருப்பு ஒரு கிலோவாகவே இருந்தது.

● மீட்டரும் இப்போது பூமியில் இல்லை, கம்பியிலும் இல்லை. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம்தான் மீட்டர். ஒரு நானோநொடியில் ஒளி எவ்வளவு போகும்? ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. கைபேசியில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். ஓடுவது இந்தக் கணக்கில்தான். செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிசகினால், தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும்.

● நொடி என்றால்? சீசியம்-133 அணுவிலிருந்து வரும் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிரும் நேரம். 1967-இலிருந்து இதுதான். மனப்பாடம் செய்ய வேண்டாம், தேர்வில் கேட்டால் மட்டும்.

● ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தன் வெப்பநிலை அளவுகோலை முன்வைத்தபோது, தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அவர் 1744-இல் இறந்த பிறகுதான் அதைத் தலைகீழாக்கினார்கள். இல்லாவிட்டால் வேலூரில் அக்னி நட்சத்திர நாளின் வெயில் 58 டிகிரி, ஊட்டியில் மார்கழி விடியல் 98 டிகிரி என்று செய்தி வாசிப்பார்கள்.

● இனி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டிய ஒன்று. 1983 ஜூலை 23. கனடாவில் மான்ட்ரியாலிலிருந்து எட்மன்டன் போகிறது ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767. அந்த நிறுவனம் அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 767 கிலோவில் கணக்கிடும் விமானம். எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. சரி, குச்சி விட்டுப் பார்த்துக் கையால் கணக்குப் போடலாம் என்று முடிவு.

தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருப்பது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக்க எதால் பெருக்க வேண்டும்? 0.8 சொச்சத்தால். ஆனால் கைக்கு வந்த தாளில் இருந்த எண் 1.77. அது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டில். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினார்கள், 13,597 வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னும் 8,703 'கிலோ' போதும் என்று, மீண்டும் அதே 1.77-ஆல் வகுத்து, ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான லிட்டரை ஊற்றினார்கள். உண்மையில் ஊற்றியிருக்க வேண்டியது இருபதாயிரம் லிட்டர். பெருக்கலில் தப்பில்லை, வகுத்தலில் தப்பில்லை. வழியில் ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடி சரிபார்த்தார்கள், அதே 1.77-ஐ வைத்து. விடை பிசகாமல் ஒத்துப்போனது!

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே 69 பேர். தலைமை விமானி ராபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில், கைவிடப்பட்ட விமானப்படை ஓடுதளத்தில் விமானத்தைக் கொண்டுபோய் இறக்கினார். அந்தத் தளம் கார்ப் பந்தயப் பாதையாகியிருந்தது, அன்றைக்குப் பந்தயத்துக்குக் கூட்டமும் கூடியிருந்தது. முன்சக்கரம் மடங்கி மூக்கு தரையில் உரச, நின்றது விமானம். ஒருவரும் சாகவில்லை.

● 1999 செப்டம்பர் 23-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கிய கையோடு தொலைந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டில் அனுப்ப, மறுதரப்பு நியூட்டன் என்று நினைத்து வாங்கிக்கொண்டது. ஒன்றுக்கு 4.45 மடங்கு பிசகு. கிம்லி நடந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

● உங்கள் கார் டயரில் 185/65 ஆர்15 என்று இருக்கிறதா? 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டு உயரம், அகலத்தில் 65 விழுக்காடு. 15 என்பது உள்ளே இருக்கும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும். விற்கிறவர், மாட்டுகிறவர் யாருக்கும் இதில் குழப்பம் வருவதில்லை, பழக்கம்.

● லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ பேசும் சொந்தக்காரர் "சுகர் 7 இருக்கு" என்றால் பதற வேண்டாம், மயக்கம் போட்டுவிடுவார் என்று சர்க்கரைத் தண்ணீரும் சிபாரிசு செய்ய வேண்டாம். அங்கே மில்லிமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. அவர் சொல்வதை 18-ஆல் பெருக்குங்கள்: 126.

● மின்வாரியம் கணக்கெடுக்கும் ஒரு 'யூனிட்' என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள காரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இவ்வளவு ஆற்றல் போதும். நாம் அதில் பேண்ட் சட்டைகளை அயர்ன் செய்துகொண்டு, "இந்த மாசம் பில் எகிறிடுச்சு" என்கிறோம்.

● மீட்டருக்கு மாறி இத்தனை காலமாகியும் மேட்டூர் அணை 120 அடிதான். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, லிட்டரில் சுமார் 2,832 கோடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் 24 மணி நேரம் தண்ணீர் வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும். அடுத்த முறை காவிரிச் செய்தி படிக்கும்போது இந்த 11,574-ஐ நினைவில் வைத்துக்கொண்டால், நீர்வரத்து எத்தனை நாளில் எவ்வளவு சேர்க்கும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். நிலத்திலும் இதே கதை. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும், பேச்சில் சென்ட். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட்.

● வீட்டில் தபால் தராசு இல்லையா? ஏ4 தாள் இருக்கும். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக மடித்தால் ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. 80 ஜி.எஸ்.எம். என்றால் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆக, ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ.

● "நார்மல் டெம்பரேச்சர் 98.6" என்கிறோமே, அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் ஏராளமான நோயாளிகளை அளந்து, சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்றார். 37-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. முழு எண்ணாகச் சொன்ன 37 என்பது 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம், ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை. அலகு மாற்றும்போது தசமப் புள்ளி இலவசமாகக் கிடைத்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'முக்கிய எண்ணுருக்கள்' என்ற பாடத்தைத் தாண்டிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லலாம். கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டும், ஆனால் ஸ்கேல் அளந்தது மில்லிமீட்டர்வரைதான்.

● துல்லியம் வேறு, நுட்பம் வேறு. நைந்து நீண்டுபோன தையல் டேப்பால் ஒரே இடுப்பைப் பத்து முறை அளந்தாலும் பத்து முறையும் ஒரே எண் வரும். நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை. ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் அதன் வாயை மூடிப் பார்த்துச் சுழிப்பிழையைக் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

● மில்லி, மெகா இரண்டுக்கும் குறியீடு ஆங்கில 'எம்' தான். முன்னது சின்ன எழுத்து, பின்னது பெரிய எழுத்து. நடுவில் உள்ள தூரம் நூறு கோடி மடங்கு. கிலோவுக்குச் சின்னக் 'கே'. பெரிய 'கே' போட்டால் அது கெல்வின். நெடுஞ்சாலைப் பலகை எழுதுகிறவர்கள் கெல்வினைப் பொருட்படுத்துவதில்லை. தமிழில் எழுதினால் 'கி.மீ.', பெரிய எழுத்துத் தொல்லையே கிடையாது.

● லிட்டருக்கு மட்டும் சின்ன 'எல்', பெரிய 'எல்' இரண்டும் செல்லும். சின்ன எழுத்தை ஒன்று என்ற எண்ணோடு குழப்பிக்கொள்வதால் 1979-இல் கொடுத்த விலக்கு இது. பெரிய எழுத்து மனிதர் பெயரால் அமைந்த அலகுக்குத்தானே என்று கேட்டவர்களைக் கிண்டல் செய்ய, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் வூல்னர் 1978-இல் 'க்ளாட் லிட்டர்' என்று ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியைக் கற்பனையாகப் படைத்து, வாழ்க்கை வரலாறும் எழுதினார். அதை நிஜம் என்று நம்பியவர்களும் உண்டு.

● கிலோ, மெகா, கிகா, டெரா என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் 2022-இல் 'ரோன்னா', 'குவெட்டா' சேர்ந்தன; 1-க்குப் பின்னால் முறையே 27, 30 சுழிகள். பூமியின் நிறை சுமார் 6 ரோன்னாகிராம். வியாழன் ஏறக்குறைய 2 குவெட்டாகிராம்.

● 2017 ஜனவரி 1, இந்திய நேரம் அதிகாலை 5 மணி 29 நிமிடம் 59 நொடிக்குப் பிறகு 5.30 வரவில்லை, 60-ஆவது நொடி ஒன்று வந்தது. பூமி சுழலும் வேகம் சீராக இல்லாததால், அணுக் கடிகாரத்தை அதோடு பொருத்திவைக்க 1972 முதல் இப்படிச் சேர்த்துவந்தார்கள். அது 27-ஆவது லீப் நொடி. கணினிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. பெரும்பாலான நிரல்கள் 60-ஆவது நொடியை எதிர்பார்த்து எழுதப்படுவதில்லை. 2022 நவம்பரில் கூடிய எடை, அளவை மாநாடு, 2035-க்குள் இந்த வழக்கத்தை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருக்கிறது.